வலப்பக்கத் தறி

எங்கள் நங்கைக்குப் பெயர் பழனாத்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். வயதில் என்னைவிட ஒரு வருடம் இளையவள், முறையில் மூத்தவள். அதனால் நான் அவளை ‘வாங்க, போங்க’ என்பேன். அவள் என்னை ‘அம்மணி’ என்பாள், அவளும் ‘ங்க’ போட்டுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் பிறந்தவளுக்கு இந்தப் பெயரா என்று சிரிக்காத ஆள் கிடையாது. “பேரு பழசுங்க, ஆளு புதுசுங்க” என்பாள். பத்தாவது வரைக்கும் படித்தவள். நான் அறிவியல் டீச்சர். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று ஒரு பழமொழி உண்டே, அது என்னைப் பார்த்துச் சொன்னது என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணன் நஞ்சுண்டனுக்குப் பல்லடத்துக்குத் தெற்கே எட்டு விசைத்தறிகள். இரண்டு பக்கமும் நாலு நாலு தறி, நடுவில் ஆள் நடக்க ஒரு வழி. நெய்வது வெளுக்காத காடா துணி. தறிக்குடோனுக்குள் காலை வைத்தால் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவில் நங்கை முதுகைத் திருப்பிக்கொண்டு தூக்குப்போசியில் சோறு தின்பாள். திடீரென்று சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து நேராக அஞ்சாவது தறிக்குப் போவாள். போனால் அங்கே நூல் அறுந்து தறி நின்றிருக்கும். எட்டில் ஒன்று நின்றால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

இதெல்லாம் பழக்கதோஷம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று ஒரு நாள் சோதனை போட்டேன். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? என் முந்தானையால் அவள் கண்ணைக் கட்டினேன். அண்ணன் மனதுக்குத் தோன்றிய தறியை நிறுத்த வேண்டும், அது எத்தனையாவது தறி என்று அவள் விரலால் காட்ட வேண்டும். ஏழு தடவையும் சரியாகக் காட்டினாள். எட்டாவது தடவை அண்ணன் எந்தத் தறியையும் தொடாமல் சும்மா நின்றார். நங்கை கண் கட்டோடு சிரித்துவிட்டு, ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்பதுபோல் கையை ஆட்டினாள். வெளியே வந்ததும், “காதுல மட்டும் கேக்கறதில்லீங்க அம்மணி. கால்ல தெரியும், நெஞ்சுல தெரியும். எட்டும் ஓடறப்ப ஒரு மாதிரி, ஒண்ணு கொறஞ்சா ஒரு மாதிரி” என்றாள். நான் அதைக் கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது ஆகும்போது மாதவிலக்கு நின்றது. நிற்கிற வயதுதானே என்று இருந்தாள். மூன்றாவது மாதம் ரத்தமாகக் கொட்டியது. ஸ்கேனில் முத்துப்பிள்ளை என்றார்கள். கர்ப்பம் குழந்தையாக உருவாகாமல், கொத்துக் கொத்தாக நீர்க்குமிழியாக வளர்ந்துவிடுவதற்கு அந்தப் பெயர். சுத்தம் செய்து அனுப்பினார்கள். அனுப்பும்போது, ஒவ்வொரு வாரமும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் போனாள். அப்புறம் போகவில்லை. அந்தப் பரிசோதனை கர்ப்பம் இருக்கிறதா என்று பார்க்கிற அதே பரிசோதனை. லேபில் உட்கார்ந்திருக்கிற பெண் பக்கத்து ஊர்க்காரி, எங்களுக்கு ஒரம்பரை வேறு, சொந்தக்காரி. மகள் ரித்திகா காலேஜ் இரண்டாம் வருடம். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு வாரா வாரம் கர்ப்பப் பரிசோதனைக்குப் போய் நிற்பதா? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று வாயை மூடிக்கொண்டுவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அதற்காக அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

மார்ச்சில் இருமல் வந்தது. தறி ஓட்டுகிறவர்களுக்கு இருமல் வந்தால் எங்கள் ஊரில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. பஞ்சுத் தூசி, அவ்வளவுதான். ஒரு கட்டி அச்சு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள், மேலே ஒரு வாழைப்பழம். தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது தறிக்காரர் சாஸ்திரம். நங்கையும் வெல்லம் தின்றாள். இருமலோடு ரத்தம் வந்த பிறகுதான் அண்ணன் கோவைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே டாக்டர் கோவிந்தராஜுலு என்று ஒரு பெரியவர். எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் வைத்து, இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாகத் தெரிந்ததைக் காட்டினார். கர்ப்பப்பையில் மிச்சம் இருந்த முத்துப்பிள்ளை புற்றாக மாறி, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்விட்டது. கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கிற அந்த ஹார்மோனின் அளவு ரத்தத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

“பரவிருச்சேன்னு கையை விட்டுராதீங்க. பரவினாலும் மருந்துக்கு அடங்கற ரகம் இது. ஆனா நாள் தவறாம மருந்து ஏத்தோணும். இடைவெளி விட்டா மறுபடியும் தலை தூக்கும்” என்றார் டாக்டர்.

ஏப்ரலில் கீமோ தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. இரண்டு சுற்று முடிவதற்குள் முடி கொட்டிவிட்டது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நான் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். நோயாளியைக் கவனிக்கப் படித்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

படித்த ஆள் கவனித்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நங்கை மதியம் சற்று நேரம் தறிக்குடோனுக்குள் போய் வந்தாள். மாலையில் நெஞ்சு பிடிக்கிறது, மூச்சு பத்தவில்லை என்றாள். “தூசிங்க நங்கை. அந்தப் பக்கம் போகாதீங்கன்னா கேக்கறீங்களா?” என்று சத்தம் போட்டுவிட்டு, ஒரு கட்டி வெல்லத்தை எடுத்து அவள் வாயில் நானே போட்டேன். புதன்கிழமை சுக்குக் காப்பி, ஆவி, மறுபடியும் வெல்லம். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளும் நான்தான்.

வியாழக்கிழமை காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றாள்.

“அம்மணி, இது தூசி இல்லீங்க. வலப்பக்கத் தறி நின்னுபோச்சுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு காரை எடுத்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் ஹரிதா என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்குள் நங்கை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். “கண்ணு, எடது பக்கம் ஓடுதுங்க. வலது ஓடலீங்க. செவ்வாக்கெழம பாதி ஓடுச்சு, இன்னைக்குக் காத்தால சுத்தமா நின்னுபோச்சு.” ஹரிதா இடப்பக்கம் வைத்துக் கேட்டாள். வலப்பக்கம் வைத்தாள். இன்னும் கீழே, முதுகில், அக்குளுக்குக் கீழே. விரலால் தட்டிப் பார்த்தாள். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நங்கையின் முகத்தையே பார்த்தாள்.

“வலப்பக்கம் சத்தமே இல்லைங்க. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

“எட்டுல ஒண்ணு நின்னாலே தெரியுமுங்க. ரெண்டுல ஒண்ணு நின்னா தெரியாதுங்களா?”

எக்ஸ்ரே வந்தது. வலது நுரையீரல் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி நடுவில் ஒட்டிக்கிடந்தது. நுரையீரலில் எங்கோ ஓட்டை விழுந்து, காற்று வெளியேறி, மார்புக்கூட்டுக்குள் நின்றுகொண்டு நுரையீரலையே அமுக்கிவிட்டது. பதினெட்டு வருடமாக நான் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் இரண்டு பலூனைக் கட்டி, நுரையீரல் விரிவது எப்படி என்று ஏழாம் வகுப்புக்குக் காட்டிவருகிறேன். பாட்டிலுக்குள் காற்றுப் புகுந்தால் பலூன் விரியாது பிள்ளைகளே என்று பதினெட்டு வருடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அதே காரியம் நடந்தபோது வெல்லம் கொடுத்தேன். அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து நின்றபோது எனக்கு வந்த வெட்கத்தை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

விலா எலும்புக்கு நடுவில் குழாய் போட்டார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் இருந்த ஒரு பாட்டிலுக்குள் இறங்கியது. அவள் மூச்சு விடும்போது பாட்டிலில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. இருமினால் கடகடவென்று வந்தது. ஓட்டை மூடும்வரை அப்படித்தான் வரும் என்றார்கள். எனக்கு அது அவள் உயிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போவதுபோல் இருந்தது. ரித்திகா பாட்டிலைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது சுற்று மருந்துக்கு இன்னும் நாலே நாள்தான் இருந்தது. நானும் அண்ணனும் வராந்தாவில் பேசினோம். பேசியது பெரும்பாலும் நான்தான். ஒரு நுரையீரலை மருந்து கெடுத்துவிட்டது. இன்னொன்றும் போனால் என்ன செய்வது? இருக்கிற வரைக்கும் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டுமே. ரித்திகாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எங்கள் சொந்தப் பொறுப்பில் சிகிச்சையை நிறுத்திக்கொள்கிறோம் என்று முத்து முத்தான கையெழுத்தில் நானே எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அடுத்தது நங்கை போட வேண்டும்.

நங்கை அதை இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். “பெரிய டாக்டரைச் சித்த வரச் சொல்லுங்க. ஒண்ணு கேக்கோணும்” என்றாள்.

டாக்டர் கோவிந்தராஜுலு ஹரிதாவோடு வந்தார். நங்கை நேராகக் கேட்டாள். “ஏனுங்க டாக்டர், இந்த ஓட்டை எதனால வந்துச்சுங்க? நோயினாலயா, மருந்தினாலயா?”

அவர் இரண்டு ஸ்கேன் படங்களை வரவழைத்தார். ஒன்று ஏப்ரலில் எடுத்தது, ஒன்று நேற்று எடுத்தது. ஏப்ரல் படத்தில் வலது நுரையீரலின் ஓரத்தில், மேலுறையை ஒட்டினாற்போல், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. நேற்றைய படத்தில் அதே இடத்தில் உருண்டை இல்லை. அங்கே கறுப்பாக ஒரு துளை இருந்தது.

“இந்தக் கட்டி நுரையீரலோட ஓரத்துல, அதோட உறையையும் சேர்த்துப் பிடிச்சு வளர்ந்திருந்துச்சு. மருந்து கட்டியைக் கொன்னுபோட்டுது. கட்டி கரைஞ்சதும் அது இருந்த எடம் ஓட்டையாயிருச்சு. மருந்து வேலை செஞ்சதனால வந்த ஓட்டை இது. மூணு லட்சம் இருந்தது இப்ப ஒன்பதாயிரத்துல நிக்குது. என்னோட சர்வீஸ்ல இந்த மாதிரி இதோட ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கேன்.”

கீழே பாட்டில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் கறுப்புத் துளையையே பார்த்தேன். எமன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகி, அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் காற்றுப் போய்க்கொண்டிருந்தது. உடம்புக்குள் இப்படியும் நடக்குமா? எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

நான்தான் வாயைத் திறந்தேன். “எடது பக்கத்துலயும் ஓரத்துல ஒண்ணு இருக்குதே டாக்டர். அதுவும் கரைஞ்சு ஓட்டையாச்சுன்னா?”

“ஆகலாமுங்க. ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஆச்சுன்னா ஆபத்துதான். அதனாலதான் இங்கயே வெச்சுப் பார்த்துக்கிட்டு மருந்து ஏத்தலாம்னு சொல்றேன். இப்ப மருந்தை நிறுத்தினா மிச்சம் இருக்கறது திரும்ப வளரும். அதுல சந்தேகம் இல்லை.”

நங்கை கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்து, தறிக்குடோனில் துணி பார்க்கிற மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசினாள்.

“துணியில முடிச்சு இருந்தா என்னங்க பண்ணுவோம்? சின்னக் கத்தரில நறுக்கி எடுத்துப்போடுவோம். எடுத்தா அங்க ஓட்டை உழுகும். ஓட்டை உழுகும்னு பயந்துக்கிட்டு முடிச்சை யாராச்சும் உட்டு வைப்பாங்களா? ஓட்டையை நகத்துல ரெண்டு பக்கமும் நீவி உட்டா நூலு கூடிக்கும். முடிச்சு அப்படிங்களா? அது இருந்தா அந்தத் துணியே கழிவுதானுங்க.”

டாக்டர் கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மாணவங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்றதை நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்களேம்மா” என்றார்.

நங்கை நான் எழுதிய தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “பத்திரமா வெச்சிருங்க அம்மணி. கையெழுத்து நெம்ப நல்லா இருக்குது. வேணும்னா அப்பறம் போட்டுக்கலாமுங்க” என்றாள். நான் கழிப்பறைக்குள் போய் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டு அழுதேன்.

குழாயோடேயே மூன்றாவது சுற்று மருந்து ஏறியது. ஒரு கையில் மருந்து, விலாவில் குழாய், கீழே கொப்பளிக்கிற பாட்டில். வாந்தி எடுக்கும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை, குழாய் இருந்த விலாவைத்தான் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் முடியில்லாத தலைக்கு ரித்திகாவின் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, “ஏனுங்க, உங்க ஊடு எந்தூருங்க?” என்று அவர்களிடம் ஊர் விசாரித்தாள். வந்து பார்த்த ஒரம்பரைகளிடம் முத்துப்பிள்ளை என்ற வார்த்தையை வெட்கப்படாமல் சொன்னாள். லேபில் இருந்த அந்தப் பெண்ணும் வந்தாள். “உனக்குப் பயந்துதானுங்க கண்ணு நோயை இவ்வளவு தூரம் முத்த உட்டுப்போட்டேன். யாராச்சும் வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்தா நீயே ஊடு தேடிப் போய்க் கூட்டிட்டு வந்துரு” என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள்.

நான் தினமும் காலையில் எழுந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். “நங்கை, எடது?”

“ஓடுதுங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் விடிய விடியக் காத்திருந்திருக்கிறேன். டாக்டர்கள் வந்து வைத்துக் கேட்டு, இடப்பக்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கு அது இரண்டாம் சாட்சி மாதிரிதான் இருந்தது. ஹரிதாவும் அப்படித்தான். உள்ளே வரும்போதே, “என்னங்கம்மா, எத்தனை தறி ஓடுது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவாள்.

குழாய் போட்ட பதினோராம் நாள் பகல் பதினொரு மணிக்கு நங்கை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “வலது ஓட ஆரம்பிச்சிருச்சுங்க” என்றாள். நான் குனிந்து பாட்டிலைப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. இருமச் சொன்னேன். இருமினாள். தண்ணீர் குழாய்க்குள் ஏறி இறங்கியதே தவிர ஒரு கொப்புளம்கூட வரவில்லை. நான் நர்ஸைக் கூப்பிட ஓடிய வேகத்தில் தூக்குப்போசியைத் தட்டிவிட்டேன், சட்னியெல்லாம் தரையில். மாலை எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் விலாவைத் தொட்டுக்கொண்டு முழுசாக விரிந்திருந்தது.

இடது பக்கத்துக் கட்டியும் கரைந்தது. அது ஓட்டை போடாமல் கரைந்தது. ஏன் இது ஓட்டை போட்டது, ஏன் அது போடவில்லை என்று கேட்டேன். “தெரியலீங்க டீச்சர்” என்றார் டாக்டர் கோவிந்தராஜுலு. இருபத்தைந்து வருட அனுபவக்காரர் தெரியாது என்று சொன்னதில் எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. ஜூலையில் ரத்தத்தில் அந்த அளவு சாதாரண எண்ணுக்கு இறங்கியது. அதற்குப் பிறகும் சில சுற்று ஏற்றினார்கள். இப்போது மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. பல்லடத்து லேபில்தான். அந்தப் பெண் முதல் நாளே போன் போட்டு, “நாளைக்கு வாரீங்கதானுங்க அக்கா?” என்று கேட்டுவிடுகிறாள்.

கீமோ முடிந்து ஒரு வருடம் ஆனபோது எடுத்த ரிப்போர்ட்டை நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். நோய் இல்லை. அன்றைக்கு மின்வாரியத்தின் மாதப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து கரண்ட் கிடையாது. தறிக்குடோன் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நங்கை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து துணியில் முடிச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். முடி சுருட்டை சுருட்டையாகக் கழுத்துவரை வளர்ந்திருந்தது. ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். அப்புறம் முதுகை என் பக்கம் திருப்பினாள்.

“அம்மணி, சித்த காதை வெச்சுப் பாருங்க.”

வைத்தேன். முதலில் என் இதயம் அடித்துக்கொள்வதுதான் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவள் மூச்சுக் கேட்டது. இடப்பக்கம் காற்று உள்ளே போய் வெளியே வந்தது. காதை நகர்த்தி வலப்பக்கம் வைத்தேன். அங்கேயும் போய் வந்தது. பதினெட்டு வருடம் நான் பாடம் நடத்திய நுரையீரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குக் கேட்டது. கண்ணீர் அவள் ரவிக்கையை நனைத்துவிட்டது.

“என்னங்க கேக்குது?”

“ரெண்டும் ஓடுதுங்க நங்கை.”

“அது எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்குக் கேக்கோணும்னுதான் வெக்கச் சொன்னேன்” என்றாள்.